நிற்குமிடம்

மட்டாஞ்சேரியில் யூதத் தெரு முடிகிற இடத்தில், 1568-இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளியை ஒட்டி, அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இளையதான ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. டச்சுக் கம்பெனியாருக்கும் கொச்சி அரசருக்கும் ஒருங்கே வேண்டியவராக இருந்து பெரும்பொருள் ஈட்டிய எசக்கியேல் ரகாபி என்னும் வணிகர் கட்டுவித்த அந்தக் கூண்டின் ஒரு முகத்தில் எபிரேய எழுத்துக்களும், மற்றொரு முகத்தில் ரோமானிய இலக்கங்களும் பொழுதைக் காட்டும்படி அமைந்திருக்கின்றன. எங்கே எவ்வளவு சாமர்த்தியமாக நின்றாலும் அதன் எல்லா முகங்களையும் ஒரே நோக்கில் கண்டுவிட ஒருவராலும் இயலாது. குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை, தெரிந்தது என்ற காரணத்தாலேயே ஆராயாமல் விட்டுவிடலாகாது என்று பிடிவாதம் பிடித்து, அதையே தம் விசாரணைக்கு வாசலாக்கிக் கொண்டவர் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் என்ற ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர். அவர் வகுத்த மார்க்கத்துக்கு பினாமினாலஜி என்று பெயர். தோற்றவியல் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம்.

மணிக்கூண்டு உண்மையில் இருக்கிறதா, நம் மனத்தின் கற்பனையா என்ற பழைய வழக்கை அவர் தீர்க்க முற்படவில்லை. அந்த வழக்கையே சற்று ஒத்திவைத்துவிட்டு, அது பிரக்ஞைக்கு எவ்வாறு தோன்றுகிறது என்று மட்டும் பொறுமையாகப் பார்க்கச் சொன்னார். பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. கண்ணுக்கு எட்டுவது ஒரு பக்கமே. ஆயினும் நாம் காண்பது ஒரு பக்கத்தை மாத்திரம் அன்று, முழுக் கூண்டையும்தான். காணாத பக்கங்கள், காணப்படக் கூடியவையாக, காண்கிற பக்கத்தோடு சேர்ந்தே நம் பிரக்ஞைக்குள் வந்துவிடுகின்றன. அப்படியானால், ஒரு பொருளை நான் பார்க்கிறேன் என்பதிலேயே நான் எங்கோ ஓரிடத்தில் நின்று பார்க்கிறேன் என்பதும் அடங்கியிருக்கிறது. எல்லாத் தூரங்களும் எல்லாத் திசைகளும் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கப்படுகின்றனவோ அந்தப் பூஜ்யப் புள்ளி என் தேகம். உலகத்துப் பொருள்கள் எல்லாம் அங்கேயும் உங்கேயும் கிடக்க, அது ஒன்றே எப்போதும் இங்கே இருக்கிறது. கொச்சியை விட்டு ஆலப்புழைக்குப் போனாலும் இந்த 'இங்கே'யை விட்டு நான் போக முடியாது. அதுவும் என்னோடு படகேறிவிடும். ஹுஸ்ஸர்ல் 1938-இல் மறைந்து, பல ஆண்டுகளுக்குப் பின் 1952-இல் அச்சேறிய அவருடைய கையெழுத்துப் பிரதி ஒன்றில் இந்தத் தேக விசாரம் விரிவாக வருகிறது.

நம் நாட்டில் வேதாந்தம் கேட்டு வளர்ந்த ஒருவர் இதைப் படித்தவுடன் புருவத்தை நெரிப்பார். மட்டாஞ்சேரியிலிருந்து வடகிழக்கே பெரியாற்றின் கரையில் உள்ள காலடியில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆதிசங்கரர், பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் முகப்பில் அத்யாஸம் என்னும் ஆதித் தவறை விவரிக்கும்போது, பருத்திருக்கிறேன், இளைத்திருக்கிறேன் என்பவற்றோடு நிற்கிறேன், போகிறேன் என்பவற்றையும் அதே வரிசையில் வைத்துப் பேசுகிறார். நிற்பதும் போவதும் தேகத்தின் தர்மங்கள். அவற்றை ஆத்மாவின் மேல் ஏற்றிப் பேசுவது அவிவேகம். சைதன்யத்துக்கு நிற்குமிடம் இல்லை; இடம் என்பதே அதற்கு ஒரு விஷயம்; அதுவோ எல்லாவற்றையும் காணும் ஸாக்ஷி. ஹுஸ்ஸர்ல் பூஜ்யப் புள்ளி என்று கண்டெடுத்ததும் காணப்படுகிற பொருள்தானே, காண்பவன் ஆகுமா என்பது வேதாந்தியின் கேள்வி. கேள்வி வலுவானது. அதற்கு ஹுஸ்ஸர்ல் முழு விடை சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தேகத்தையும் மனத்தையும் கடந்த ஒரு சுத்த 'நான்' உண்டென்று அவரும் பின்னாளில் வற்புறுத்திப் பேசினார் என்பதை நினைத்தால், இரு தரப்புக்கும் உள்ள தூரம் முதலில் தோன்றிய அளவுக்கு அதிகமில்லை என்றும் சொல்லலாம்.

ஆனால் அந்த ஸாக்ஷி ஒரு தெருவில் சோதனைக்கு உள்ளான கதை ஒன்றுண்டு. காசியில் சீடர் சூழ வந்த சங்கரர் எதிரே ஒரு சண்டாளன் வர, விலகிப் போ என்றார்களாம். எதை விலகச் சொல்கிறீர்கள், அன்னத்தால் ஆன ஓர் உடலிலிருந்து அன்னத்தால் ஆன இன்னோர் உடலையா, சைதன்யத்திலிருந்து சைதன்யத்தையா என்று அவன் திருப்பிக் கேட்டானாம். சங்கரர் வாயடைத்து நின்று, இத்தகைய ஞானம் உடையவன் யாராயினும் அவன் எனக்குக் குரு என்று ஐந்து சுலோகங்களால் வணங்கினார் என்பதும், அதுவே மனீஷா பஞ்சகம் என்பதும் ஐதிகம். சரித்திரமா என்று கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது வேறு. வந்தவன் சண்டாள வேடத்தில் வந்த சிவபெருமான் என்று கதை முடிகிறதே, அந்த முடிவு எனக்கு எக்காலத்திலும் சம்மதமானதில்லை. வந்தவர் சிவன் என்றால், வழிவிட்டதில் என்ன அதிசயம்? வந்தவன் மெய்யாகவே ஒரு சண்டாளனாக இருந்து, அவன் கேட்ட கேள்வி நியாயமானது என்ற ஒரே காரணத்துக்காகச் சங்கரர் ஒதுங்கி நின்றிருந்தால் அல்லவா அத்வைதம் தெருவில் நடந்ததாகும்! தவிரவும், வர்ணமும் ஆசிரமமும் ஆத்மாவின் மேல் ஏற்றப்பட்டவையே என்று அத்யாஸ பாஷ்யத்தில் எழுதிய அதே பேரறிஞர், அந்த நூலிலேயே பிறிதோரிடத்தில் சூத்திரனுக்கு வேத அதிகாரம் இல்லை என்று வாதாடி நிறுவுகிறார். மெய்ப்பொருளில் இடமே இல்லை. வழக்கிலோ ஒவ்வொருவனுக்கும் அவனவன் இடம். இரண்டு தளங்களும் ஒன்றையொன்று தொடாமல் பல நூற்றாண்டுகள் சௌக்கியமாக இருந்தன.

இருந்த விதத்தை, மணிக்கூண்டை விட்டு யூதப் பள்ளிக்குள் சென்றால் காணலாம். தரை முழுதும் சீனத்துக் காண்டனிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் வந்த நீல ஓவிய ஓடுகள். ஒன்றைப் போல் ஒன்றில்லை என்று சொல்லுவார்கள். நடுவே பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த வாசிப்பு மேடை, சுவரோரம் பலகைகள், மாடத்தில் கேரளத்து யூதப் பள்ளிகளுக்கே உரிய இன்னொரு மேடை. வெளி அறையில் பாதரட்சையைக் கழற்றிவிட்டு யாத்ரிகன் இன்று தாராளமாக உள்ளே நடக்கிறான். ஆனால் விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியில் வந்தவர்கள் என்று பெயர் பெற்ற யூதர்கள், வேதமும் நோன்பும் பிரார்த்தனையும் மற்றவர்களுக்கு உள்ளபடியே தங்களுக்கும் இருந்தும், தலைமுறை தலைமுறையாக அந்தப் பலகைகளில் உட்காரக் கூடாதவர்களாக இருந்தார்கள்; தரையிலோ வாயிலை அடுத்த அறையிலோ இருந்துதான் தொழ வேண்டும். இடுகாட்டிலும் அவர்களுக்கு வேறு இடம். எங்கும் நிறைந்தவனும் உருவமற்றவனும் ஆகிய ஏக இறைவனைத் தொழும் கூட்டத்தில், அவனை எந்த இடத்திலிருந்து தொழுவது என்பது பிறப்பால் நிச்சயிக்கப்பட்டிருந்தது. இந்த வழக்கத்தை அவர்கள் எங்கிருந்து கற்றார்கள் என்று ஊகிக்க அதிகம் யோசிக்க வேண்டாம்; பள்ளியின் சுவருக்கு மறுபுறத்தில்தான் கொச்சி அரசரின் அரண்மனையும் பழையன்னூர் பகவதியின் கோயிலும் இருக்கின்றன.

பலகை மறுக்கப்பட்ட அந்த யூத வகுப்பில் 1882-இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். சட்டம் கற்று வக்கீலாகி, கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராகி, 1929-இல் லாகூர்க் காங்கிரசுக்குச் சென்று வந்த அவர், அங்கே கண்ட சத்தியாக்கிரக முறையைத் தம் தெருவிலேயே, தம்மவர்களுக்கு எதிராகவே கையாண்டார். யூதர்களின் காந்தி என்று அவருக்குப் பெயர் வந்தது. பலகையில் ஓரிடம் என்ற அளவில் படிப்படியாகவே அவர் வெற்றி பெற்றார். பின்வரிசைதான் முதலில் கிடைத்தது என்பார்கள். தத்துவ நூல்களில் அவர் பெயர் வருவதில்லை. ஆனால் 'இங்கே' என்பது என்ன என்று அந்தப் பள்ளியில் மற்ற எவரையும்விடத் தெளிவாக அறிந்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஏனெனில், பலகையில் உட்கார்ந்தவர்களுக்கு அது கேளாமலே கிடைத்திருந்தது. கேளாமலே கிடைத்ததை எவன் பரிசோதிப்பான்?

இந்த இடத்தில் ஹுஸ்ஸர்லைத் திரும்பவும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. 1929-இல் பாரிஸ் நகரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளை விரித்து அவர் எழுதிய கார்ட்டீசியத் தியானங்கள் என்ற நூலில், ஐந்தாம் தியானம் மற்றவர் எனக்கு எவ்வாறு மற்றவராகத் தெரிய வருகிறார் என்ற கடினமான பிரச்னையை எடுத்துக் கொள்கிறது. அவருடைய உள்ளத்தை நான் காண முடியாது. காண முடிந்தால் அது என் உள்ளமாகிவிடும். காண்பது அங்கே அசைகிற ஒரு தேகத்தை. அது என் தேகத்தைப் போன்றிருக்கிறது. நான் அங்கே இருந்தால் உலகம் எனக்கு எப்படித் தோன்றுமோ அப்படி அதற்கு இப்போதே தோன்றிக் கொண்டிருக்கிறது என்று, ஊகம் என்று சொல்லத் தகாத அவ்வளவு விரைவில், நான் கொண்டுவிடுகிறேன். என்னுடைய 'அங்கே' அவருடைய 'இங்கே'. இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம். மாறிக்கொள்ளலாம் என்பதினாலேயே நமக்குப் பொதுவான ஓர் உலகம் உண்டாகிறது. அவருடைய மாணவி எடித் ஸ்டைன் 1917-இல் அச்சிட்ட ஆராய்ச்சியும், பிறர் அநுபவத்தை நாம் உணரும் விதத்தைப் பற்றியதுதான்.

அழகான விளக்கம், ஆனால் இடம் மாறிக்கொள்ளலாம் என்பதை எல்லோருக்கும் பொதுவான ஒரு சௌகரியமாக அது எடுத்துக்கொண்டு விடுகிறது. பழைய கேரளத்தின் பாதைகளில் மறுக்கப்பட்டது துல்லியமாக அந்தச் சௌகரியமே. இன்ன ஜாதியான் இன்ன ஜாதியானுக்கு இத்தனை தூரத்தில் நிற்க வேண்டும் என்று ஏற்பட்டிருந்த அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், எல்லாவற்றின் உட்பொருளும் ஒன்றே: உன் 'அங்கே' ஒருநாளும் என் 'இங்கே' ஆகாது, என் 'இங்கே' உன்னுடையதாகவும் ஆகாது. தூரத்தில் வருகிற புலையன் தான் வருவதைக் கூவி அறிவிக்க வேண்டும். பதிலுக்கு மேல்ஜாதியானின் கூச்சல் கேட்டால் வயலில் இறங்கி ஒதுங்க வேண்டும். நான் என்ற சொல்லே அவன் வாயில், நான் வருகிறேன், விலகிக் கொள்கிறேன் என்ற பொருளில் பிறந்தது. இத்தகைய தேகத்துக்கும் திசைகள் உண்டு, தூரங்கள் உண்டு. ஆனால் அவற்றின் பூஜ்யப் புள்ளி அதனிடத்தில் இல்லை, எதிரே வருகிறவனிடத்தில் இருக்கிறது. ஹுஸ்ஸர்லின் தேக சாஸ்திரத்துக்கு இது ஒரு விதிவிலக்கா, அல்லது அதில் ஒரு குறையா என்று கேட்டால், குறை என்றே சொல்வேன். அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. இளமையிலேயே லூத்தரன் கிறிஸ்துவராக ஞானஸ்நானம் பெற்றும், யூதராகப் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால் 1933-இல் அவரை அவருடைய பிராய்பர்க் சர்வகலாசாலையிலிருந்து ஒதுக்கி வைக்க உத்தரவு பிறந்தது. எடித் ஸ்டைன் 1942-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இடம் மறுக்கப்படுவது என்னவென்று அவர்களுக்கும் வாழ்க்கை கற்பித்தது, புத்தகம் எழுதி முடித்த பிறகு.

நம்மவர்க்கு இந்தப் பாடத்தைப் பெரிய புராணம் முன்பே சொல்லியிருக்கிறது. திருப்புன்கூரில் வாயிலுக்கு வெளியே நின்ற நந்தனாருக்குச் சிவலிங்கத்தை நந்தி மறைத்தது. பெருமான் நந்தியை விலகச் செய்தார். பக்தியின் பெருமைக்கு இதைச் சொல்வார்கள். இறைவன் மறைப்பை நீக்கினாரே அன்றி நந்தனார் நின்ற இடத்தை மாற்றவில்லை என்பது, எத்தனையோ கதாகாலட்சேபங்களைக் கேட்டும் நாம் கவனியாத ஒரு விவரம். காட்சி கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை.

இடத்தையே பிரச்னையாக எடுத்துக்கொண்டு அதை நேரே சந்தித்தவர்களைக் காண மட்டாஞ்சேரிக்கு எதிரே உள்ள காயலைப் பார்க்க வேண்டும். கொச்சி அரசரின் மண்ணில் கூட்டம் கூடப் புலையருக்கு உரிமை இல்லை என்றிருந்த நாளில், 1913-இல், அவர்கள் வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பலகைகள் பரப்பி, தண்ணீரின் மேல் மாநாடு நடத்தினார்கள். மண்ணுக்குத்தான் தடை, காயலுக்கு இல்லையே! இந்த யுக்திக்குப் பின்னால் இருந்தவர் பண்டித கறுப்பன்; சேரானல்லூரில் மீன்பிடிக்கும் குலத்தில் பிறந்து, சமஸ்கிருத பண்டிதராகி, பிற்காலத்தில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர். 1912-இல் வெளிவந்த அவருடைய ஜாதிக்கும்மி என்ற மலையாளப் பாட்டு, மேலே சொன்ன சங்கரர் கதையையே எடுத்துக்கொண்டு, பெண்கள் கும்மியடித்துப் பாடும் மெட்டில் அமைந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பண்டிதர் சபையில் ஐந்து சுலோகங்களாக அடங்கிக் கிடந்த ஒரு வினா, எவர்களை விலகச் சொன்னார்களோ அவர்கள் குடிசைக்குள் புகுந்து வாய்ப்பாட்டாயிற்று. அத்வைதத்துக்கு இதைவிடப் பெரிய பாஷ்யம் அந்த நூற்றாண்டில் எழுதப்பட்டதாக நான் அறியேன்.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே பள்ளுருத்தியில் கோயில் ஒன்றைப் பிரதிஷ்டை செய்தவரும், ஆலுவாயில் 1913-இல் அத்வைத ஆசிரமம் கண்டவருமான ஸ்ரீ நாராயண குரு இதே கேள்வியை வேறு வழியாக அணுகினார். அவர் தமிழில் தேர்ந்தவர். தமிழிலே பதிகம் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியையும் ஒழிவிலொடுக்கத்தையும் மலையாளமாக்கியவர். ஆதலால் அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. 1897-இல் அவர் இயற்றிய ஆத்மோபதேச சதகத்தில் ஒரு திருஷ்டாந்தம் வருகிறது. இருட்டில் ஒருவர் இருக்கிறார். யார் என்று மற்றொருவர் கேட்கிறார். அவர் நான் என்கிறார். நீ யார் என்று திருப்பிக் கேட்க, கேட்டவரும் நான் என்றே சொல்லுகிறார். ஹுஸ்ஸர்ல் மற்றவரைத் தேடிப் போவது வெளிச்சத்தில்; தேகத்தைக் கண்டு, அதன் வழியாக உள்ளே நுழைகிறார். குருவோ விளக்கை அணைத்துவிட்டுத் தொடங்குகிறார். நிறமும் உடையும் நெற்றிக்குறியும் நிற்கும் தூரமும் இருளில் மறைந்துவிட, எஞ்சுவது இரு வாயிலும் ஒரே சொல். தேகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஜாதியைப் பார்த்துவிடும் ஒரு நாட்டில், மற்றவரை அறிய இருட்டே தக்க இடம் என்று அவர் கண்டது, வேதாந்த மரபில் மிகப் புதிதான ஒரு காரியம்.

எனினும் இருட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? யார் என்று கேட்டு நான் என்று பதில் வந்தால் கதவைத் திறக்கிறவர் உண்டோ? பெயரைச் சொல், ஊரைச் சொல், இன்னார் மகன் என்று சொல் என்றுதான் உலகம் கேட்கும். குருவுக்கு இது தெரியாதது அன்று. 1924-இல் ஆலுவாயில் அவர் சர்வமத மகாசபையைக் கூட்டிய அதே ஆண்டில்தான், காயலுக்கு அப்பால் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் நடந்தது. அவருடைய ஆதரவும் அதற்கு இருந்தது. நம் ஈரோட்டு ஈ. வெ. ராமசாமி அங்கே போய்ச் சிறைபுகுந்தார். அடுத்த ஆண்டில் சமாதானம் பேசச் சென்ற காந்தியடிகளுக்கே, ஒரு நம்பூதிரியின் மனையில், உள்ளே இடமில்லாமல் வெளிக் கட்டில்தான் இருக்கை போட்டார்கள். விளக்கணைந்த அறையில் ஒன்றாகிவிட்ட இரண்டு 'நான்'களும் பொழுது விடிந்தால் அந்தத் தெருவுக்குத்தான் வர வேண்டும்.

ஆகவே சைவ சித்தாந்தம் சொல்வதே இந்த அநுபவத்துக்கு நெருங்கியதாக எனக்குப் படுகிறது. மெய்கண்டார் வழியில் வந்த சைவர்கள், உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாக ஆகிவிடும் என்று கண்டவர்கள். ஆணவத்தோடு சேர்ந்தால் ஆணவமாக, சிவத்தோடு சேர்ந்தால் சிவமாக. எதிலும் ஒட்டாத ஸாக்ஷிக்குத் தெருவில் நிகழ்வது ஒன்றும் தைக்காது. சார்ந்ததன் வண்ணமாகும் உயிருக்கோ, அது நிறுத்தி வைக்கப்பட்ட இடமே அதன் நிறமாக ஊறிவிடும். பிரெஞ்சு அறிஞர் மெர்லோ-பொந்தி 1945-இல் வெளியிட்ட புலனறிவு பற்றிய பெருநூலில், கை வெட்டுண்டவர் இல்லாத கையில் வலி உணர்வதை ஆராய்ந்து, நம் தேகத்துக்கு இன்றைய தேகம் ஒன்றும் பழக்கத்தின் தேகம் ஒன்றும் ஆக இரண்டு அடுக்குகள் இருப்பதாகச் சொல்லுகிறார். இல்லாத கையைப் பழக்கத்தின் தேகம் இன்னும் நீட்டிக் கொண்டிருக்கிறது. திருவிதாங்கூரில் 1936-இலும், கொச்சியில் அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து 1947-இலும் கோயில் வாசல்கள் சட்டத்தினால் திறக்கப்பட்டன. அரசாங்கத்தின் ஆணை இன்றைய தேகத்துக்குப் பேசியது. பழக்கத்தின் தேகம் ஆணையைப் படிப்பதில்லை. எதிரே பெரிய மனிதர் வரும்போது தோளிலிருந்து தானாக இறங்கும் துண்டும், நாற்காலி காலியாக இருக்கத் திண்ணை ஓரத்தைத் தேடும் இடுப்பும், அதைக் காட்டிலும் நுட்பமாக, விலகாமல் வருகிறவனைக் கண்டு காரணம் தெரியாமல் முகம் சுளிக்கும் மற்றவனுடைய கண்ணும் அந்தத் தேகத்தைச் சேர்ந்தவை. பின்னதை நீக்குவது கடினம் என்று நினைக்கிறேன். பணிந்தவனுக்குத் தான் பணிவது வலிக்கும். வலிப்பதனால் ஒருநாள் அதைக் கவனிப்பான். சுளிப்பவனுக்கோ தன் சுளிப்பு உலகத்தின் இயல்பாகவே தோன்றுகிறது. மணிக்கூண்டின் பின்முகத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்துவிடலாம், தன் பார்வை புறப்படும் இடத்தை அவன் எந்தப் பக்கம் சுற்றிப் போய்ப் பார்ப்பது?